யாழினியின் வலது கால்

பணி ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று நிவேதா கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயது ஆகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என் ஒன்றரை வயது மகள் போனைப் பிடுங்கப் பார்த்தாள்.

"வேலைய வுட்டுட்டா ரிடயர்டுதான்க்கா. இதுல வயசு இன்னா இருக்குது?" என்றாள் நிவேதா.

திண்டிவனத்தில் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட் வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை சேர்ப்பதும் அவள்தான். கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நாங்கள் மாவுக்கட்டுப் போட்டுச் சரிசெய்வோம். அதன் பிறகு வருடக்கணக்கில் அவர்களை வரவழைத்துப் பார்ப்போம். தூரத்து ஊர்க்காரர்களை இனி அலைக்கழிக்க வேண்டாம், செல்போனில் வீடியோ அனுப்பினால் போதும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்களாம்.

"வீடியோவுல பாத்தாத் தெரியாதாக்கா?"

தெரியும் என்றும் தெரியாது என்றும் அவளுக்கு இரண்டு பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு இரண்டுமே தவறோ என்று தோன்றியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலையை விட்டதற்குக் காரணம் என் கட்டைவிரல்கள். குழந்தையைத் தூக்கித் தூக்கி, இரண்டு மணிக்கட்டிலும் கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் வீங்கிவிட்டன. அவை ஓடும் உறைக்குள் அவற்றுக்கு இடம் போதவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். எத்தனையோ பேருக்கு நானே பட்டி மாட்டி, "தூக்குற விதத்த மாத்துங்க" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்தபோது பால்பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. எங்கள் வேலையோ முழுக்க முழுக்கக் கட்டைவிரல் வேலை. இப்போது வலி பெரும்பாலும் போய்விட்டது. திரும்பப் போயேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இன்னும் வலிக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கே நிச்சயமில்லை.

படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், எலும்பை எலும்போடு கட்டுவது இணைநார் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். உடற்கூறு வகுப்பில் இறந்த உடலின் கையில் ஒரு நாணை ஆசிரியர் இழுத்தார். விரல் மடங்கியது. பின்வரிசையில் ஒருத்தி வீறிட்டாள், மற்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளையாக, பட்டு நூல் போல மினுக்கிக்கொண்டு அது கிடந்தது. கயிறு என்று மனத்தில் பதிந்துவிட்டது. இழுத்தால் இழுபடும், வெட்டினால் வெட்டுப்படும். அதற்கும் உயிர் உண்டு, அது பாட்டுக்கு வளரும், சுருங்கும் என்பதையெல்லாம் திண்டிவனம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைதோறும் வளைந்த பாதங்களுக்கான நாள். விழுப்புரத்திலிருந்து காலையில் பஸ் ஏறுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் வராந்தா நிறைந்திருக்கும். ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் குழந்தையின் காலைத் துண்டால் மூடி வைத்திருப்பார்கள். வெயில் கொளுத்தினாலும் துண்டு விலகாது.

எலும்பு மருத்துவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அறுபதை நெருங்கியவர். வந்ததும் ஒரு டம்ளர் டீ வரும். குடிக்க மாட்டார். உள்ளங்கைகள் சூடாகும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆறிப்போன டீயை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டுத்தான் முதல் குழந்தையைத் தொடுவார். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கூடாது, குழந்தைக்குப் பசி இருக்கக் கூடாது. அம்மா மேசையோரம் நின்று பால் புகட்டிக்கொண்டிருக்க, நாங்கள் காலைப் பிடித்துக்கொள்வோம். அழுகிற குழந்தைக்கு அவர் கட்டுப் போட்டதில்லை. எத்தனை பேர் காத்திருந்தாலும் அது அடங்கும்வரை நிற்பார்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. தவறு நடந்தால் பேச்சு நின்றுவிடும். அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குத்தான் நானும் பயந்தேன், தாய்மாரும் பயந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. 'சரியாயிடும்' என்ற சொல் அவர் வாயில் வராது. "கால் தரையில நிக்கும்மா. அதுக்கு மேல கேக்காத" என்பார்.

கவிதா தன் மகளை முதன்முதலில் கொண்டுவந்தபோதும் அதையேதான் சொன்னார். பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை, பெயர் யாழினி. வலது பாதம் மட்டும் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மேலே பார்க்க மடிந்திருந்தது. திருவக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா முருகன் கல்குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுபவர், வாய் ஓயாதவர்.

"எங்க ஊர்ல மரமே கல்லாப் போயிக் கெடக்குது சார். இந்த எலும்பு எம்மாந்நேரம்? இறுகிப் போறதுக்குள்ள ஜல்தியா எதுனா பண்ணுங்க."

"எலும்பு இல்லப்பா. எலும்பக் கட்டியிருக்கிற நாருதான் குட்டையா இருக்குது. இங்க தொடு."

முருகனின் விரலைப் பிடித்துக் குழந்தையின் குதிகாலுக்கு மேலே வைத்தார் சார். பிறகு அவருடைய குதிகாலையே தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஆமா சார். மாட்டுத் தும்பு கணக்கா இழுத்துக்கினு நிக்குது."

"அதான். பாதத்து நாரையெல்லாம் அறுக்காம, அவிழ்க்காம, மெதுவா நீளமாக்கணும். இந்தத் தும்ப மட்டும் கடைசில பாத்துக்கலாம்."

அந்த நார் எப்படி நீளும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நாணும் நாரும் மிக மெல்லிய புரத இழைகளால் ஆனவை. இழைகள் சேர்ந்து ஒரு கற்றை, கற்றைகள் சேர்ந்து பெரிய கற்றை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய உறை. இழுக்காதபோது அந்த இழைகள், பின்னலை அவிழ்த்த தலைமுடி போல நெளிந்திருக்கும். மெதுவாக இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும். அந்த நிலையிலேயே சில நாள் பிடித்துவைத்தால், உள்ளே இருக்கும் செல்கள் புது நீளத்துக்கு ஏற்ப இழையைத் திரும்ப நெய்துகொள்ளும். பச்சைக் குழந்தைக்கு இது வேகமாக நடக்கும். அவசரப்பட்டு வலிந்து இழுத்தால் கிழியும். கிழிந்த இடம் தழும்பாக ஆறும், தழும்பு சுருங்கும். ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் அந்தத் தவறை உடம்பு எளிதில் சரிசெய்யாது.

ஆகவே வாரம் ஒரு கட்டு. கணுக்காலுக்குச் சற்று முன்னால், பாதத்தின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்ள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை மறுகையால் வெளிப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். குதிகாலைத் தொடவே கூடாது, முன்பாதம் சரியாக நகர்ந்தால் குதிகால் தானே பின்னால் வரும். முதல் கட்டில் பாதம் இன்னும் கோணலானதுபோல் தெரியும், தாய்மார் பதறுவார்கள். பஞ்சு சுற்றி, ஈர மாவுக்கட்டை முழங்காலுக்குக் கீழே முதலில் போட்டு, அது இறுகும்வரை பிடித்த பிடியை விடாமல் நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் கை நகரக் கூடாது. பிறகு முழங்காலை மடக்கித் தொடைவரை கட்டு. முடித்ததும் விரல் நுனியை அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும்.

அந்த விரல் நுனிதான் என் வியாதி. ஒருமுறை அழுத்திப் பார்ப்பேன், பஸ்ஸுக்குக் கிளம்பியவர்களைக் கூப்பிட்டு இன்னொரு முறை பார்ப்பேன், விழுப்புரம் போய் இறங்கியதும் போன் செய்வேன்.

"வெரலு செவப்பாத்தான் இருக்குதுக்கா," கவிதா பொறுமையாகச் சொல்வாள். பின்னாலிருந்து முருகனின் குரல் கேட்கும்: "அந்த மேடம் நம்ம ஊட்டுக்கே வந்து குந்திக்கினு பாக்கும் போலக்குதே!"

யாழினியின் கால் நன்றாக ஒத்துழைத்தது. சில வாரக் கட்டிலேயே பாதம் வெளியே திரும்பிவிட்டது. ஆனால் குதிகால் மட்டும் கீழே வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான். பின்னால் இருக்கும் அந்தப் பெரிய நாண் மற்ற நார்களைப்போல இழுவைக்கு மசியாது. ஒரு சிறு கீறலில் அதைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும்.

"நரம்ப வெட்டப் போறீங்களா?" முருகன் எழுந்து நின்றுவிட்டார். "நரம்ப வெட்டினா காலு செத்துடாதா?"

"இது நரம்பு இல்ல. தும்புன்னு நீதான சொன்ன? அந்தத் தும்பு. வெட்டினா மூணு வாரத்துல தானா வளந்து சேந்துக்கும், நீளமா. ஒனக்கு வெட்டினா சேராது. இவளுக்குச் சேரும்."

பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பது என் வேலை. உணர்வு மரக்க மருந்து போட்டு, கண் அறுவைக்கு வைத்திருக்கும் அளவுக்கு ஒரு சிறிய கத்தியைச் சார் உள்ளே விட்டார். என் விரல்களில் ஒரு சிறு விடுபடல் தெரிந்தது. சத்தமில்லை. அதுவரை என் கையை எதிர்த்துக்கொண்டிருந்த பாதம் சட்டென்று மேலே வந்தது. நம்பித்தான் வெட்டுகிறோம். அந்த இடைவெளியில் நாண் மறுபடி வளரும் என்று தெரியும். ஆனாலும் மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, குதிகாலுக்கு மேலே விரலை வைத்து, தோலுக்கடியில் மெல்லிய கயிறாக அது தட்டுப்படும்வரை எனக்கு மூச்சு சீராக இராது. யாழினிக்குத் தட்டுப்பட்டது. அன்று கவிதா துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். திறந்த காலோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம் என்று தாய்மார் நினைப்பார்கள். எங்களுக்கு அங்கேதான் தொடக்கம். நீட்டி வைத்த நார்கள் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், முதல் வருடத்தில் மிக வேகமாக. அதைத் தடுக்க, ஒரு கம்பியின் இரு முனையிலும் பொருத்திய ஷூக்கள் உண்டு, அதைக் கம்பி ஷூ என்போம். இரண்டு கால்களும் வெளியே பார்த்தபடி இருக்கும். முதல் மூன்று மாதம் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு தூங்கும்போதெல்லாம், நான்கு வயதுவரை. போட்ட முதல் நாட்களில் குழந்தை கதறும். கதறினாலும் கழற்றக் கூடாது.

போடுகிறார்களா என்று நாங்கள் கேட்பதில்லை. எல்லாருமே ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஷூவை வாங்கிப் பார்ப்போம். உண்மையில் போட்டிருந்தால் வார்த் துளை இழுபட்டு நீண்டிருக்கும், உள்ளே குதிகால் பதிந்த இடம் கறுத்திருக்கும். முதல் மூன்று மாதம் கவிதா கொண்டுவந்த ஷூவில் துளை கிழியும் நிலையில் இருந்தது. சார் அதை மற்றத் தாய்மாருக்கு எடுத்துக் காட்டினார். அவள் வெட்கத்தோடு சிரித்தாள்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. காது குத்து வைத்திருக்கிறோம், அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். அடுத்த மாதம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்து நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை.

"கம்பி ஷூ போடுறீங்கதானே கவிதா?"

"போட்டுக்கினுதான்க்கா இருக்கோம். போட்டோ அனுப்புறேன் பாருங்க."

வந்தது. மேலிருந்து எடுத்த படம். இரண்டு ஷூவும் மாட்டி, வார் இறுக்கி, யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷூ சரியாகத்தான் இருந்தது. ஷூவுக்குள் குதிகால் கீழே இறங்கியிருக்கிறதா என்பது மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் படம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

யாழினி நடக்கத் தொடங்கிய பிறகுதான் கவிதா வந்தாள். துண்டு மறுபடி வந்திருந்தது, இடுப்பில் இருக்கும் குழந்தையின் காலைச் சுற்றி. இறக்கிவிடச் சொன்னார் சார். வலது பாதத்தின் வெளிவிளிம்பை மட்டும் ஊன்றி, குதிகால் தூக்கலாக, யாழினி மேசைவரை நடந்தாள். நடக்கும்போது கொலுசு சத்தம் கேட்டது. ஒரு காலில் ஒரு மாதிரி, மறுகாலில் வேறு மாதிரி.

சார் அவளை மடியில் வைத்துப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். கவிதாவின் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"கொலுசு நல்லா இருக்குது. யாரு போட்டது?"

"எங்கண்ணன் சார்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. காது குத்தில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். சீர்த்தட்டில் புதுத்துணி, தோடு, வெள்ளிக் கொலுசு. அவரே தன் கையால் இரண்டு காலிலும் மாட்டினார். தாய்மாமன் மாட்டிய கொலுசு, அதுவாகச் சின்னதாகிப்போகும்வரை காலிலேயே இருக்க வேண்டும், நடுவில் கழற்றினால் பிறந்த வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கம்பி ஷூவையும் விட முடியாது. கவிதா இரண்டையுமே விடவில்லை. கொலுசின் மேலேயே ஷூவை மாட்டி வாரை இறுக்கினாள். முத்து வரிசை குதிகாலுக்கு மேலே, வெட்டி வளர்ந்த அதே நாணின் மேல் அழுந்தியது. இரண்டாம் நாள் சிவந்தது, நான்காம் நாள் புண்.

"புண்ணு ஆறட்டும்னு ஷூவக் கழட்டினேன்க்கா. அன்னிக்குதான் அது நிம்மதியாத் தூங்குச்சு. நானும் தூங்கினேன். காலும் நேரா இருந்துச்சு. எங்க மாமியாரு, 'அதான் நேராயிடுச்சே, இன்னும் எதுக்கு வெலங்கு'ன்னாங்க. அப்பறம் திரும்பப் போட்டா கால் உள்ள போவல. போட்டோக்கு மட்டும் அழுத்தி மாட்டினேன்."

"அப்பவே வந்திருக்கலாமே கவிதா."

"எப்பிடிக்கா வர்றது? சாரு திட்ட மாட்டாரு. அதான் பயம்."

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை கழுவப் போனார். வந்து, "கொலுசக் கழட்டணும்மா. கட்டுப் போடணும்" என்றார்.

அப்போதும் அவள் தயங்கினாள். "எங்கண்ணன ஒரு வார்த்த..."

"போனப் போடு."

ஸ்பீக்கரில் போட்டாள். அண்ணன் பெங்களூரில் ஏதோ கட்டட வேலையில் இருந்தார், பின்னால் இயந்திரச் சத்தம். விஷயத்தைக் கேட்டதும் கத்தினார்: "லூசாடி நீ? காலு முக்கியமா கொலுசு முக்கியமா? கழட்டி வீசுடி அத! இத்தினி மாசமா ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

கவிதா குழந்தையின் காலை என் பக்கம் நீட்டினாள். கொலுசின் திருகு அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. குறடால் நானே கழற்றினேன். கழற்றிய இடத்தில் தோல் வளையமாக வெளுத்திருந்தது.

மறுபடி கட்டுகள். ஒரு வயது தாண்டிய குழந்தை பால் குடித்துக்கொண்டு சும்மா இருக்காது. கவிதா தோளைப் பிடிக்க, முருகன் மறுகாலைப் பிடிக்க, அவள் எங்கள் மூவரையும் உதைத்தாள். அதைவிடக் கஷ்டம் என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. முதல் முறை நனைந்த கயிறு போல இளகிக்கொடுத்த இடம், இப்போது காய்ந்த தோல்வார் போல இருந்தது. ஒருமுறை நீண்டு, சுருங்கி, நடுவில் புண்ணாகி ஆறிய திசு அது. கொடுத்தது. முழுவதும் கொடுக்கவில்லை. நாணை இரண்டாம் முறையும் வெட்டினார் சார். என் விரலில் அந்த விடுபடல் தெரிந்தது. பாதம் மேலே வந்தது, முன்போல் துள்ளி வரவில்லை.

அதற்குப் பிறகு கவிதா ஒரு நாள்கூட ஷூவைக் கழற்றவில்லை. வார் அறுந்து இரண்டு முறை மாற்றினோம். முருகனின் வாயும் அடங்கிவிட்டது, அடங்காதபோது அது கவிதாவைக் குத்துவதற்குத்தான். வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கும்படி, "இவங்கண்ணன் போட்ட சீருல எம்பொண்ணு காலு போச்சு" என்பார். "கழட்டச் சொல்லி எங்கண்ணனே சொன்னாரே, நீ ஏன் சொல்லல? நீயுந்தான் பக்கத்துல இருந்த" என்று ஒருநாள் அவள் திருப்பிக் கேட்டாள். அதன் பிறகு அவர் உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டு, வாசலில் லாரி டிரைவர்களோடு நின்றுவிடுவார்.

பாதம் வெளிப்பார்வைக்கு நேராக இருந்தாலும் நடக்கும்போது உள்ளே திரும்பியது. கணுக்காலின் முன்புறம் ஒரு நாண் பாதத்தின் உள்விளிம்பில் போய்ப் பிடிக்கிறது. பாதத்தைத் தூக்குவது அதன் வேலை. யாழினிக்கு அது தூக்கும்போதே உள்ளேயும் இழுத்தது. அந்த நாணை அதன் இடத்திலிருந்து எடுத்துப் பாதத்தின் நடுவில் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கான எலும்பு அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், மூன்று வயதாவது ஆக வேண்டும். காத்திருந்தோம்.

அந்த அறுவைக்கு நாள் வருவதற்குள் நான் நிறைமாதத்துக்கு அருகில் இருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நாணை உள்விளிம்பிலிருந்து விடுவித்து, தோலுக்கடியில் கொண்டுவந்து, நடு எலும்பில் துளையிட்டு உள்ளே இழுத்து, நூலை உள்ளங்காலில் வெளியே எடுத்து ஒரு பொத்தானின் மேல் முடிச்சுப் போட்டார் சார். பாதத்தை அழுத்தாமல் இருக்க அடியில் மெத்தென்ற கம்பளித்துணி. சட்டையில் இருப்பது போன்ற சாதாரணப் பொத்தான்தான். ஆறு வாரத்தில் நாண் எலும்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பொத்தானை வெட்டியெடுத்துவிடலாம். ஆனால் தசைக்கு இடம் மாறியது தெரியாது. பழைய பழக்கத்தில்தான் இழுக்கும். பலூனைக் காலால் தட்டவைத்து, கோட்டின் மேல் நடக்கவைத்து அதற்குக் கற்றுத்தர வேண்டும். அதைச் செய்தவள் நிவேதா. நான் அதற்குள் பிரசவத்துக்குப் போய்விட்டேன்.

என் மகள் பிறந்ததும் முகத்தைக் காட்ட வந்த நர்ஸிடம் காலைக் காட்டச் சொன்னேன். "பத்து வெரலும் இருக்குது மேடம்" என்றாள். நான் குதிகாலுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். இளகலாக, குறைவில்லாமல் இருந்தது. அப்படியும் எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் பாதத்தை மேலே மடக்கிப் பார்க்கிறேன். "நேத்து இருந்த அதே காலுதான்" என்று என் கணவர் சொல்கிறார். மூன்றாம் மாதத்தில் அவள் அழுதபோது, ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் நானும் உட்கார்ந்து அழுதேன். கவிதா ஷூவைக் கழற்றிய அன்று தூங்கினாளே, அந்தத் தூக்கம் என்னவென்று அப்போது தெரிந்தது. கதறினாலும் கழற்றாதீர்கள் என்று ஒன்பது வருடம் சொல்லியிருக்கிறேன். சொன்னது சரிதான். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இப்போது யாராவது என் எதிரில் உட்கார்ந்தால் அந்த வாக்கியத்தை என்னால் அதே குரலில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. வேலைக்குத் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிவேதா, உன் கேள்விக்கு வருகிறேன். திருவக்கரையிலிருந்து திண்டிவனம் வர ஒரு நாள் கூலி போகிறது. வீடியோ வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஷூவை மாட்டிய காலைக் காட்டச் சொல்லாதே. கழற்றச் சொல். சாக்ஸையும் கழற்றச் சொல். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலைப் பின்னாலிருந்து காட்டச் சொல். காலில் வேறு என்ன இருக்கிறது என்று பார். போட்டீர்களா என்று கேட்காதே, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேள். யாழினியின் அந்தப் படம்போல எல்லாம் நன்றாக இருந்தால் அடுத்த வாரமே நேரில் வரச் சொல்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது கவிதா போன் செய்தாள். பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாழினியை வானூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். பாதம் தரையில் நிற்கிறது. ஆனால் கணுக்கால் இறுகிவிட்டது, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது, உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்துவிடுகிறாள். வலது கெண்டைக்கால் இடதைவிட மெலிவு. அது அப்படியேதான் இருக்கும். ஓடுகிறாள், கொஞ்சம் ஓடியதும் நின்றுவிடுகிறாள். இதையெல்லாம் கவிதா புகாராகச் சொல்லவில்லை, நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். அவள் பேச வந்தது வேறு.

"ஸ்கூல்ல கறுப்பு ஷூ போடணுமாம்க்கா. வலது கால் சின்னது, இடது பெருசு. கடைல காலுக்கொரு சைஸா குடுக்க மாட்டேன்றான்."

"குடுக்க மாட்டாங்க கவிதா. ரெண்டு ஜோடியா வாங்கித்தான் ஆவணும்."

"வாங்கிட்டேன்க்கா. அது இல்ல. மிச்சம் ரெண்டு ஷூ புதுசா கெடக்குது. இடதுல சின்னது, வலதுல பெருசு. உங்க ஆஸ்பத்திரியில இடது கால் இந்த மாதிரி இருக்கிற புள்ள எதுனா இருந்தா அதுக்கு சரியாயிருக்குமில்ல?"

பிரசவத்துக்குப் போன நான் வேலையையே விட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. சொன்னேன். ஆனாலும் விசாரிக்கிறேன் என்றேன். நிவேதாவைக் கேட்டேன். "இந்த செவ்வாக்கெழம லிஸ்ட்லயே ஒன்னுக்கு மேல இருக்குதுக்கா. யாருக்குன்னு நான் குடுக்கிறது?" என்றாள். திரும்ப கவிதாவைக் கூப்பிட்டேன்.

"அப்ப அந்தப் புள்ளையோட அம்மா நம்பர வாங்கிக் குடுங்க. வருசா வருசம் வாங்கணுமில்ல? நான் ஒரு ஜோடி, அவங்க ஒரு ஜோடின்னு வாங்கிப் பிரிச்சிக்கலாம்." பிறகு கேட்டாள்: "காலு எத்தினி வயசு வரைக்கும்க்கா வளரும்?"

"பதினாலு, பதினஞ்சு வயசு வரைக்கும்."

மறுமுனையில் அவள் அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப சண்டக்காரியா இல்லாத ஆளாப் பாத்துக் குடுங்கக்கா" என்றாள்.